‘ஸ்பாஸ்மாடிக்’: எங்கே பொருந்தும், எங்கே இடறும்

‘ஸ்பாஸ்மாடிக்’ (spasmodic) ஓர் ஆங்கிலச் சொல். விட்டுவிட்டு, திடீர் வேகத்தோடு வருவதைக் குறிக்கும்.

படி 1: உச்சரிப்பு. அழுத்தம் நடுவிலுள்ள ‘மா’வில் விழ வேண்டும். அதற்கு முந்தைய ‘ஸ்’, ஆங்கிலத்தில் ‘ரோஸ்’ (rose) என்பதன் கடைசி ஒலி, அதாவது ‘z’. ‘இஸ்கூல்’ மாதிரி முன்னால் ‘இ’ ஒட்டாதீர்கள்.

படி 2: வேரைப் பிடியுங்கள். ‘இழு’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பாஸ்ம் என்றால் தசை இழுத்துப் பிடிப்பது. வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் ‘ஆன்டிஸ்பாஸ்மாடிக்’ வகை மருந்து. தசைப்பிடிப்பு திடீரென வரும், வந்தால் வேகமாக இருக்கும், சீக்கிரம் அடங்கும், மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. இந்த நான்கும் பொருந்தினால்தான் இந்தச் சொல்.

படி 3: பக்கத்து வீட்டுச் சொற்களைப் பிரியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கார் வைப்பரில் ‘இன்டர்மிட்டன்ட்’ என்றொரு நிலை உண்டு. நின்று நின்று ஓடும், ஆனால் இடைவெளி சீராகவே இருக்கும். அதை ஸ்பாஸ்மாடிக் என்றால் வைப்பர் பழுது என்று அர்த்தமாகிவிடும்! ‘ஸ்போராடிக்’ சிதறலைச் சொல்வது. காலத்தில் மட்டுமல்ல, இடத்திலும். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் நோய்க்கு மருத்துவர்கள் சொல்வது இதையே. அரைகுறைத் தூக்கத்துக்கு ‘ஃபிட்ஃபுல்’.

ஒரு வாரம் வெறியோடு நடைப்பயிற்சி, பிறகு மாதக்கணக்கில் கப்சிப், மறுபடி ஒரு வேகம்: இது ‘ஸ்பாஸ்மாடிக் எஃபர்ட்ஸ்’. ஆரம்ப சூரத்தனம் வேறு. அது ஒரே தடவையோடு அடங்கிவிடும். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்பதும் வேறு. அதில் அபூர்வம் உண்டு, வேகம் இல்லை.

படி 4: வினையடை. பேச்சில் ‘ஸ்பாஸ்மாடிக்லி’, எழுதும்போது ‘சி’க்குப் பிறகு ஏ, எல், எல், ஒய். ஏ காதில் விழாததால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அகராதி? ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘இசிவு’ என்று பார்த்து நிறுத்தினால் மருத்துவப் பொருள் மட்டுமே கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் போன்ற கற்போர் அகராதிகளின் எடுத்துக்காட்டு வாக்கியங்களே உருப்படியானவை.

பிற்சேர்க்கை: ‘ஸ்பாஸ்’ என்று சுருக்கலாமா? கூடாது. பிரிட்டனில் அது பெருமூளை வாதம் உள்ளவர்களை இழிவுபடுத்தும் வசை. ‘ஸ்பாஸ்டிக்’ என்ற சொல்லே ஏச்சாகிப்போனதால், அங்கே பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான தொண்டு அமைப்பான ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ 1994இல் ‘ஸ்கோப்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்பாஸ்மாடிக் வசை அல்ல; ஆனாலும் ஆளுக்கு அடைமொழியாக்காமல் முயற்சி, இருமல், சண்டை என்று செயலுக்கே போடுங்கள்.