அமெரிக்காவில் ‘மஞ்சள் கடுதாசி’: வக்கீல் வாசலை மிதிப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சள் கடுதாசி நீட்டிட்டான்’ என்பதெல்லாம் நம்மூரில் ஏச்சு. அமெரிக்காவில் தனிநபர் திவால் என்பது ஃபெடரல் நீதிமன்றத்தில் படிவங்களைக் கொண்டே நடந்து முடிகிற வழக்கு. குடியுரிமை கூடத் தேவையில்லை. அங்கே வசித்தாலோ சொத்து இருந்தாலோ போதும். அந்த ஏச்சுக்குப் பயந்து விஷயத்தை மூடி மறைக்கும் மாதங்களில்தான் கேஸ் கெடுகிறது. வக்கீலிடம் போவதற்குள் பணத்தை அங்கும் இங்கும் நகர்த்தி வைத்திருப்பார்கள். நல்ல திவால் வக்கீலின் வேலையில் பாதி, அந்த நகர்த்தல்களைத் தோண்டி எடுப்பது.

வழிகள் இரண்டு. திவால் சட்டத்தின் அத்தியாய எண்களே அவற்றுக்குப் பெயர். சேப்டர் 7 என்றால் விலக்கு வரம்புக்கு (கடனாளி தன்னிடமே வைத்துக்கொள்ளச் சட்டம் விடும் அளவுக்கு) மேலுள்ள சொத்தை, வழக்கைக் கவனிக்க அமர்த்தப்படும் டிரஸ்டி விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். கிரெடிட் கார்டு, மருத்துவக் கடன் போன்றவை சில மாதங்களில் ரத்தாகும். சேப்டர் 13 என்றால் சொத்தை வைத்துக்கொண்டு 3 முதல் 5 ஆண்டு மாதத் தவணை கட்ட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் முறையே 338, 313 டாலர்.

பெரும்பாலும் முதலில் கை வைப்பது 401கே ஓய்வூதியக் கணக்கில். அதுதான் தொடவே கூடாத பணம். திவாலிலும் கடன்காரர்கள் அதை நெருங்க முடியாதபடி சட்டம் காத்து நிற்கிறது. 59½ வயதுக்கு முன் அதிலிருந்து 40,000 டாலர் எடுத்தால் 10 சதவீத அபராதம் 4,000, வருமான வரி 22 சதவீதம் என்று வைத்தால் 8,800. மாநில வரி போக மிஞ்சுவது 27,200க்கும் கீழே. அதைக் கொண்டுபோய் கார்டுக் கடனில் கொட்டி, ஆறு மாதம் கழித்துத் திவால் போட்டால், எப்படியும் ரத்தாகியிருக்கும் கடனுக்கு ஓய்வுகாலப் பணத்தைக் கரைத்ததுதான் மிச்சம். அபராதமும் வரியும் கட்டாமல் நின்றால் அது புதிய வரிக் கடன். அவ்வளவு சீக்கிரம் ரத்தாகாது.

அடுத்தது கைமாற்று. டல்லாஸில் இருக்கும் மச்சானிடம் வாங்கிய 8,000 டாலரை ‘அவனுக்காவது கொடுத்துவிடுவோம்’ என்று திருப்பிக் கொடுப்பது நியாயமாகத்தான் படும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளியார் கடன்காரருக்குக் கொடுத்தது என்றால் தாக்கலுக்கு முந்தைய 90 நாளைத்தான் பார்ப்பார்கள். உறவினர் என்றால் ஓராண்டு. அதற்குள் கொடுத்திருந்தால் டிரஸ்டி மச்சான் மேலேயே வழக்குப் போட்டுப் பணத்தைப் பிடுங்கி எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கு வைக்கலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் வக்கீல் ஓராண்டு கழியும்வரை தாக்கலைத் தள்ளிவைக்க வழி பார்த்திருப்பார்.

காரையோ வீட்டையோ மனைவி பெயருக்கு மாற்றுவது இதைவிட மோசம். இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்க ஃபெடரல் சட்டமே இடம் கொடுக்கிறது. பல மாநிலச் சட்டங்களில் அது நான்கு ஆண்டு. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு தாக்கலுக்கு முந்தைய ஓராண்டில் மாற்றியது என்று நிரூபணமானால் அந்தச் சொத்து மட்டும் போகாது. ஒரு கடன்கூட ரத்தாகாமல் போகலாம்.

தமிழர்கள் விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது ஊர்ச் சொத்து. உலகில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் கடனாளியின் சொத்து எல்லாவற்றையும் திவால் மனுவோடு கொடுக்கும் அட்டவணையில் காட்ட வேண்டும். என்ஆர்ஈ கணக்கு, எல்ஐசி பாலிசி, கட்டிவரும் சீட்டு, அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் பேங்க் லாக்கர் நகை எல்லாமே இதில் அடக்கம். கூட்டுப் பட்டாவில் இருக்கும் பூர்வீக நிலத்தைப் பெரும்பாலோர் மறந்தே போவார்கள். ‘அது அப்பா பேர்ல இருக்கு’ என்ற பதில் போதாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர். கல்யாணம் செய்து ஹூஸ்டனில் குடியேறிய பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு சென்ட் இல்லாவிட்டாலும் சட்டப்படி பங்கு இருக்கக்கூடும். அமெரிக்க வக்கீலின் கேள்வித்தாளில் ‘கூட்டுப் பட்டா’ என்று ஒரு கட்டம் இருக்காது. நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். பிரிக்கப்படாத பங்கை விற்பது தொல்லை என்று டிரஸ்டி விட்டுவிடவும் கூடும். மறைத்தால் குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறை. இந்தியக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டியும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால், அதையும் கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெடரல் விலக்குப் பட்டியலில் நகைக்கு 2025 ஏப்ரல் முதல் 2,125 டாலர். இன்றைய தங்க விலையில் மூன்று பவுனுக்கே தாங்காது. ஆனால் சொந்த வீடு இல்லாதவர்கள், வீட்டுக்கான விலக்கில் பயன்படாத பகுதியிலிருந்து 15,800 டாலர்வரை எடுத்து, 1,675 டாலர் பொது விலக்கோடு சேர்த்து, நகை உட்பட எதன்மேலும் வைக்கலாம். ஃபெடரல் பட்டியலா மாநிலப் பட்டியலா என்று தேர்ந்தெடுக்கச் சில மாநிலங்கள்தான் விடும். நியூ ஜெர்சி விடும், கலிபோர்னியா விடாது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்குத்தான் ஃபீஸ்.

வேலை போனவர்களுக்குத் தாக்கல் தேதிதான் உயிர். சேப்டர் 7க்குத் தகுதி பார்க்கும் வருமானச் சோதனை, தாக்கல் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களின் சராசரியை எடுக்கிறது. மாதம் 12,000 டாலர் சம்பளம், மார்ச் கடைசியில் வேலை போய்விட்டது என்று வையுங்கள். ஏப்ரலில் தாக்கல் செய்தால் அக்டோபர் முதல் மார்ச் வரை கணக்கு. ஆண்டுக்கு 1,44,000 என்று நிற்கும். ஆகஸ்டில் என்றால் பிப்ரவரி முதல் ஜூலை வரை. வேறு வருமானம் இல்லாவிட்டால் சராசரி 4,000, ஆண்டுக்கு 48,000. ஆள் அதேதான், கடனும் அதேதான். ஆனால் வீடு ஏலத்துக்கு வந்துவிட்டாலோ சம்பளப் பிடித்தம் தொடங்கிவிட்டாலோ காத்திருக்க முடியாது. எது முந்தும் என்று எடைபோடுவது வக்கீலின் வேலை.

கார்டைத் ‘தேய்த்துவிட்டுப்’ போவோம் என்ற யோசனை வேண்டாம். தாக்கலுக்கு முந்தைய 90 நாளில் ஒரே நிறுவனத்திடம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரச் செலவு, 70 நாளில் 1,250க்கு மேல் ரொக்கம் எடுத்தது, இரண்டுமே மோசடி என்ற அனுமானத்துக்கு இடம் கொடுக்கும். கடன் பாக்கி உள்ள வங்கியிலேயே சம்பளக் கணக்கையும் வைத்திருக்காதீர்கள். தாக்கல் செய்தது தெரிந்ததும் அந்தப் பணத்தை அவர்கள் நிறுத்திவைக்கலாம்.

இனி வக்கீல் தேர்வு. குடியேற்றம், வீட்டுப் பத்திரம், விவாகரத்து எல்லாம் பார்க்கிறவரிடம் ‘இதையும் பார்த்துக் கொடுங்க’ என்று போகக்கூடாது. சேப்டர் 7, 13 இரண்டையும் தொடர்ந்து நடத்துகிறவரா, டிரஸ்டி முன் அவரே வருவாரா இல்லை அன்றைக்குக் கிடைத்த ஜூனியரை அனுப்புவாரா என்று கேளுங்கள். அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்ட்டிஃபிகேஷன் என்ற அமைப்பு நுகர்வோர் திவாலுக்கென்றே வக்கீல்களுக்குச் சான்று தருகிறது. வரி ரிட்டர்ன், ஆறு மாதச் சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் பார்க்காமல் பத்தே நிமிடத்தில் ‘உங்களுக்கு 13தான்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சேப்டர் 7இல் தாக்கலுக்கு முன் கட்டாத ஃபீஸ், மற்றக் கடன்களோடு சேர்ந்து ரத்தாகிவிடும். அதனால் முன்பணமாகவே வாங்குவார்கள். சேப்டர் 13இல் ஃபீஸைத் தவணைக்குள்ளேயே சேர்க்கலாம். கையில் பணமில்லாதவரை 13க்குள் தள்ளிவிடும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஐந்து ஆண்டுத் தவணை நடுவழியில் நின்றால் பெரும்பாலும் வழக்கு தள்ளுபடி, கடன் அப்படியே.

படிவம் மட்டும் நிரப்பித் தருகிறவர்கள் மலிவுதான். ஆனால் எந்த சேப்டர், எந்த விலக்கு என்று ஆலோசனை சொல்ல அவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை.

தாக்கலுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்று, பின்னால் நிதி வகுப்பு ஒன்று. இரண்டாவதை மறந்தால் கடன் ரத்தாகாமலே வழக்கு மூடப்படும். டிரஸ்டி கூட்டத்துக்கு அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான சான்றும் வேண்டும். நம் இனிஷியல் பெயர்கள் இங்கே படுத்தும் பாடு தனி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், லைசன்ஸில் முதலில், கார்டில் ஒற்றை எழுத்து. கடந்த 8 ஆண்டில் பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் மனுவில் எழுத வேண்டும்.

சேப்டர் 7இல் கடனை ரத்து செய்யும் டிஸ்சார்ஜ் உத்தரவு பெரும்பாலும் நான்கு மாதத்துக்குள் வந்துவிடும். ஆனால் தாக்கல் செய்ததிலிருந்து 180 நாளுக்குள் யாராவது இறந்து உங்களுக்கு வாரிசுச் சொத்து உரிமை வந்தால் அதுவும் வழக்கில் சேரும். 150ஆம் நாள் ஊரில் அப்பா போய்விட்டார் என்றால், காரியத்துக்கு விமானம் ஏறும்போதே வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். தெரிந்த 14 நாளுக்குள் கூடுதல் அட்டவணை தாக்கலாக வேண்டும்.