பீடர் ஒயர்: சைஸ் பார்க்குமுன் சூட்டைப் பாருங்கள்

80 ஆம்ப்ஸ் பிரேக்கருக்கு பீடராக (போர்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் மெயின் ஒயர்) 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் பிவிசி ஒயர் போதும் என்று யாராவது சொன்னால், கான்ட்யூட் (ஒயர் போகும் பைப்) எந்த வழியாகப் போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். சர்வதேச மின் தரநிலையான ஐ.இ.சி 60364-இன் அட்டவணையில், கான்ட்யூட்டுக்குள் போகும் த்ரீ ஃபேஸ் ஒயருக்கு 25 ஸ்கொயரில் 89 ஆம்ப்ஸ் போட்டிருக்கும். உண்மைதான். ஆனால் அது சுற்றுச்சூடு 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே சர்க்யூட் என்று வைத்துப் போட்ட கணக்கு. வெயில் காயும் கூரைக்கு அடியில் 50 டிகிரியும் வரும்.

பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரை தாங்கும். வெளியே 30 என்றால், ஒயர் சூடாக இன்னும் 40 டிகிரி இடமிருக்கிறது. வெளியே 50 ஆகிவிட்டால் மிச்சம் 20, அதாவது பாதி. ஒயரில் உண்டாகும் சூடோ கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் கரண்ட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். பாதியின் வர்க்கமூலம், 0.71 போதும். அட்டவணையில் 50 டிகிரிக்கு நேரே இருப்பதும் அதே 0.71 தான். 90 டிகிரி தாங்கும் இன்னொரு இன்சுலேஷனான எக்ஸ்எல்பிஇ-க்கு 60 டிகிரி இடத்தில் 40 மிச்சம், அந்த விகிதத்தின் வர்க்கமூலம் 0.82. இது புரிந்துவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அதே பைப்பில் இன்னொரு பீடரும் போகிறதா? சூட்டுக் காரணியோடு 0.80-ஐயும் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று என்றால் 0.70.

இப்போது கணக்கு. லோடு 72 ஆம்ப்ஸ், பிரேக்கர் 80 ஆம்ப்ஸ், ஒரே பைப்பில் இரண்டு பீடர், 50 டிகிரி. பிரேக்கர் ரேட்டிங்கை இந்தக் காரணிகளால் வகுக்க வேண்டும். பெருக்கிவிட்டு சின்ன ஒயரோடு நிற்பவர்கள் உண்டு. பிவிசி என்றால் 80 ÷ (0.71 × 0.80) = 141 ஆம்ப்ஸ். 50 ஸ்கொயர் 134 தான், பத்தாது. 70 ஸ்கொயருக்குப் போக வேண்டும். எக்ஸ்எல்பிஇ என்றால் 122 தான். 144 ஆம்ப்ஸ் தாங்கும் 35 ஸ்கொயர் போதும். பாதி காப்பர்! சூடான பாதைக்கு நான் எக்ஸ்எல்பிஇ-யைத் தவிர வேறு யோசிப்பதில்லை.

ஆனால் பிரேக்கர் டெர்மினல் 70 டிகிரிக்குத்தான் என்றால், லக் (ஒயர் முனையில் மாட்டும் இணைப்பு) பக்கம் ஒயரை 90 டிகிரிக்கு ஓடவிடக் கூடாது. 35 ஸ்கொயரின் 70 டிகிரி ரேட்டிங் 110. நம் லோடு 72, பயமில்லை.

வோல்டேஜ் டிராப் (ஒயரில் குறையும் வோல்டேஜ்): இந்த 35 ஸ்கொயரில் 60 மீட்டருக்கு சுமார் 5 வோல்ட், 400-க்கு 1.2 சதவீதம். விட்டுவிடலாம்.

பாதையில் பாதி நிழல், பாதி வெயில் என்றால் சராசரி எடுக்காதீர்கள். வெயில் பகுதியின் சூடுதான் முழு நீளத்துக்கும்.