நீங்கள் எழுதாவிட்டால் பூஞ்சை எழுதிவிடும்

என் கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் 83 நோட்டுகள். எழுதி முடித்தவை 46, இன்னும் பேனா படாதவை 37. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் 27 ஆண்டுகள் இலைக் கணக்கும், தொழிலாளர் வருகையும் கூலியும் பதியும் செக்ரோலும் எழுதி ஓய்வு பெற்றவள் நான். அப்பா எஸ்டேட் கணக்குப்பிள்ளை. ஆகவே இது பரம்பரை நோய். "எழுதுவதற்கு வாங்குகிறாயா, அடைகாப்பதற்கு வாங்குகிறாயா?" என்று என் கணவர் கேட்காத மாதம் இல்லை.

அவர் கேள்விக்கு ஒரு கார்த்திகை மாதம் பதில் சொன்னது. நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன். 'நல்ல நோட்டு, பிறகு எழுதலாம்' என்று ஒதுக்கி வைத்திருந்த பதினொரு நோட்டுகளிலும் பக்கத்துக்குப் பக்கம் சாம்பலும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக எழுதியிருந்தது. எழுதியது நான் அல்ல. சமவெளியில் இருப்பவர்கள் நோட்டை வாங்கி இருபது வருடம் வெறுமனே வைத்திருக்கலாம். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில், மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துபோகும் ஊரில், அது நடக்காது. மலையில் நோட்டுச் சேர்ப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் எல்லோரும் அட்டைப் படத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதுகைப் பாருங்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டு என்றால் இரண்டு மழைக்காலத்தில் பின் துருப்பிடித்து, நடுத்தாளில் காவிக்கறை இறங்கிவிடும். பசை மட்டும் வைத்து ஒட்டியதைப் பள்ளிப் பிள்ளைகள் ஓர் ஆண்டு ஓட்டலாம். அகல விரித்து எழுதுகிறவர்களுக்குத் தாள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். கம்பிச் சுருள் போட்டது அடுக்களைக்குச் சரி, சேகரிப்புக்குச் சரியல்ல. வாங்க வேண்டியது தையல் போட்ட நோட்டு. பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை விரித்துப் பார்த்தால் எங்காவது மடிப்பின் நடுவில் நூல் தெரியும். பழைய கணக்கு நோட்டுகளை இன்றும் குயர் கணக்கில்தான் கேட்பேன். குயர் என்பது 24 அல்லது 25 தாள். ஒரு குயர், இரண்டு குயர், காலிகோ துணி ஒட்டிய முதுகு. இப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மரியாதையோடு பார்ப்பார்.

அடுத்தது தாள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். பள்ளி நோட்டுகள் பெரும்பாலும் 54 முதல் 60 வரை. நகல் எடுக்கும் தாள் 70, 75, 80. பால்பாயிண்ட் பேனாவுக்கு 60 போதும். மை பேனாவுக்கு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; தாளின் மேல்பூச்சுதான் மையைப் பிடித்து நிறுத்துகிறது. நான் முதலில் ஒரே ஒரு நோட்டு வாங்குவேன். வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தில் 'ழ' என்று பத்துமுறை எழுதுவேன். சுழிக்குச் சுழி மை முடிபோலக் கிளை விட்டால் அந்த வகை எனக்கு வேண்டாம். இந்தச் சோதனையை வெயில் நாளில் செய்து ஏமாறாதீர்கள். ஈரம் குடித்த தாளில் மை இன்னும் பரவும், அதனால் மழை நாளில் செய்யுங்கள். கரும்புச் சக்கையிலிருந்து வரும் தாளைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1979-இல் அரசு தொடங்கிய நிறுவனம் முக்கியமாக அந்தச் சக்கையில்தான் தாள் செய்கிறது. என் இலைக் கணக்கு பாதி அந்த மாதிரித் தாளில்தான் போனது, ஒரு குறையும் இல்லை. கைக்காகித நோட்டு பார்க்க அழகு. பென்சிலுக்கு நல்லது, மையைப் பெரும்பாலும் குடித்துவிடும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஏப்ரலில் பள்ளி முடிந்ததும் பேத்தியின் பழைய நோட்டுகளில் மிச்சமிருக்கும் வெற்றுத் தாள்களை உருவிவிடுவேன். நடுத்தாள்களை இரட்டையாகவே எடுக்க வேண்டும், கிழித்தால் தைக்க முடியாது. எட்டு இரட்டைத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பழைய காலண்டர் அட்டையை மேலே வைத்து, மடிப்பில் மூன்று துளை போடுங்கள். மெழுகுவத்தியில் இழுத்த தடித்த நூலைக் கோணி ஊசியில் கோத்து, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள். நுனியில் நாலு விரல் நூலை உள்ளேயே விட்டுவையுங்கள். மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே புகுந்தால் தையல் முடிந்தது. உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இரு நுனிகளும் வரும்படி நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். கால்மணி நேர வேலை.

அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினால், அது இராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பதை மறக்காதீர்கள். பைண்டிங் செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது அதனால்தான். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பசையே இல்லாமல் தைத்துவிடுவது மேல்.

ஜனவரியில் எல்லோருக்கும் டைரி குவியும். தேதி போனால் குப்பை என்று எறியாதீர்கள். எழுதாத 2015 டைரி 2026-க்குக் கிழமை பிசகாமல் பொருந்தும். 2010 டைரியும் 2021 டைரியும் 2027-க்குப் பொருந்தும். லீப் அல்லாத ஆண்டின் நாட்காட்டி ஆறு அல்லது பதினொரு ஆண்டுகளில் திரும்பி வருகிறது. லீப் ஆண்டுக்கு மட்டும் 28 ஆண்டு காத்திருக்க வேண்டும். தீபாவளியும் அமாவாசையும் மாறிப்போயிருக்கும், அவற்றை அடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பாதுகாப்பு. இதில்தான் நான் அதிகம் அடி வாங்கினேன். முதல் தவறு, மழை மாதத்தில் நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது. வெளி ஈரம் உள்ளே போகாது என்று நினைத்தேன். தாளுக்குள் ஏற்கெனவே இருந்த ஈரம் வெளியே போகவில்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே பெட்டியை மூடும் காலம் ஐப்பசி அல்ல, மாசி. காற்று காய்ந்திருக்கும் அந்த நாட்களில் நோட்டுகளை நிழலில் விசிறியாக விரித்து வைத்து, இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் அடுக்குங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் பழுத்து அட்டை வளையும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்கினால், பச்சையானதும் சமையலுக்குப் பயன்படாத சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இரவுக் குளிரில் சுவர் வியர்க்கும். பீரோவின் முதுகும் வியர்க்கும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது தவறு நம் ஊர்ப் பெருமையால் வந்தது. கற்பூர மரத் தைலத்துக்கு, அதாவது யூகலிப்டஸ் தைலத்துக்கு, பூச்சி வராது என்று பஞ்சில் நனைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பூச்சி வந்ததா என்று தெரியாது. தைலம் இறங்கி மூன்று நோட்டுகளில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் வட்டங்கள் வந்தன. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பது பாட்டி வழி. அதையே இப்போது செய்கிறேன், வாசனை பிடித்திருப்பதும் ஒரு காரணம். உண்மையாகவே பூச்சி கண்டால் நோட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒருநாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த நோட்டை வீட்டுக்குள் ஊதவே கூடாது. முகமூடி போட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், நன்றாகக் காயவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

இத்தனை செய்தாலும் ஆண்டுக்கு ஓரிரு நோட்டு போகத்தான் செய்யும். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒன்று எழுதி முடிந்தால்தான் இன்னொன்று வாங்கலாம். சென்ற ஆண்டு மூன்று முறை மீறினேன்.

'முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ' என்று பயப்படுகிறவர்களுக்கு நம்மிடம் பழைய மருந்து இருக்கிறது. மேலே ஒரு பிள்ளையார் சுழி போடுங்கள். பக்கம் அப்போதே வெற்றுப் பக்கம் அல்ல. அதற்குப் பிறகும் கை தயங்கினால் முதல் இரண்டு தாளைப் பொருளடக்கத்துக்கு விட்டு, மூன்றாவதில் தொடங்குங்கள். பக்க எண்களை முதல் நாளே கடைசிவரை போட்டுவிடுவது தொழிற்சாலைப் பழக்கம். தாள் காணாமல் போனால் தெரியும்.

நோட்டுக்கு ஒரு வேலை கொடுங்கள். 'மனதில் தோன்றுவதை எழுத' என்று தொடங்கிய என் நோட்டுகள் எல்லாம் ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டன. பால் கணக்கு, மருந்துக் கணக்கு, தோட்டத்தில் எந்தச் செடி எப்போது பூத்தது, மழை எவ்வளவு என்று தொடங்கியவை முடிந்தன. மனதில் தோன்றியவையும் அவற்றின் ஓரத்தில் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. மழைக் கணக்குக்குச் சாதாரண நீல மை வேண்டாம். கூரை ஒழுகியதில் ஒரு வருட மழையை மழையே கழுவிக்கொண்டு போனது. பென்சில் அல்லது பால்பாயிண்ட். பனிக்காலக் காலையில் பால்பாயிண்ட் மை கெட்டிப்பட்டு எழுத மறுக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உருட்டுங்கள்.

கடைசியாக, எழுத மனம் வராத அந்த ஒரு நோட்டு. எல்லோரிடமும் ஒன்று இருக்கும். என்னுடையது அப்பா எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த பேரேடு. மூலைகளில் சிவப்புத் தோல், உள்ளே ஒரு கோடும் எழுதப்படவில்லை. முப்பது ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தேன். அந்தக் கார்த்திகையில் அதன் கடைசித் தாள்களிலும் பொட்டு விழுந்திருந்தது. அவற்றை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மழைக் கணக்கை அதற்கு மாற்றினேன். அப்பா காலத்தில் எஸ்டேட்டில் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் சொல்வார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். நான் மில்லிமீட்டரில் எழுதி, பக்கத்தில் அவர் கணக்கையும் போடுகிறேன். இப்போது 61-ஆம் பக்கம். இன்று காலை 14 மில்லிமீட்டர், 55 சென்ட். பேனா இன்னும் எழுத மறுக்கிறது, உருட்டிக்கொண்டிருக்கிறேன்.