முயல் வேட்டைக்கு ஏர் ரைஃபிள்: சக்தி, கேலிபர், பெல்லட் தேர்வு செய்வது எப்படி?

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் நண்பர் ஒருவரின் பண்ணையில் மூன்று வருடமாக முயல் சுட்டு வருகிறேன். கோதுமை முளைத்து நாலு விரல் உயரம் வந்ததும் வேலியோரம் முழுவதையும் முயல்கள் மொட்டையாக மேய்ந்துவிடும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். இறைச்சி வீட்டுக்கு வந்துவிடும், மிளகு வறுவலுக்கு அருமையாக இருக்கும். தொடங்கும்போது எந்த ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி), எந்தப் பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) என்று தெரியாமல் நிறைய தடுமாறினேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கான பதிவு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஊரில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை வைத்து முயற்சி செய்ய வேண்டாம். இங்கேயும் நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். அதை எழுத்தில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சக்தி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். குழலை விட்டு வெளியே வரும் பெல்லட்டின் ஆற்றலைத்தான் இப்படி அளக்கிறார்கள். கடையில் கிடைக்கும் வேட்டை ரைஃபிள்கள் பெரும்பாலும் 11 முதல் 11.7 வரை வருமாறு அமைக்கப்பட்டிருக்கும். முயலுக்கு அது போதும். ஆனால் தலையில் பட்டால் மட்டுமே போதும். உடம்பில் பட்டால் முயல் பொந்துக்குள் ஓடிப்போய் வலியில் கிடந்து சாகும். அதனால் உடம்பைக் குறிவைக்கவே கூடாது.

சுருள்வில்லின் விசையில் சுடும் ஸ்பிரிங் ரைஃபிளா, காற்றை முன்பே அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி.யா? என் ஓட்டு பி.சி.பி.க்கு. அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைப்பதால் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. புதியவர் கையிலும் நேராகச் சுடும். டைவிங் சிலிண்டரோ நல்ல பம்போ தனியாக வாங்க வேண்டும், அது கூடுதல் செலவுதான். பணம் இடிக்கிறது என்றால் வைராக் எச்.டபிள்யூ. 95 மாதிரி ஒரு நல்ல ஸ்பிரிங் ரைஃபிள் வாங்குங்கள். மலிவான பி.சி.பி.யை விட அது மேல்.

படி 2: கேலிபர்

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேலிபர் என்றால் குழலின் உள்விட்டம். கடைகளில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும்: 4.5 மி.மீ. என்கிற .177, 5.5 மி.மீ. என்கிற .22. பெரிய பெல்லட் என்றால் அடி பலமாக இருக்கும் என்று நினைத்து .22 வாங்கினேன். 30 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிசெய்தேன். மேஜையில் வைத்துச் சுட்டால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது.

முதல் மாதம் ஒரு மாலை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் வேலிக்கும் நடுவில் நிலம் லேசாகப் பள்ளம். முயல் 30 கஜத்தில் இருப்பதாகத் தோன்றியது. சுட்டேன். தாடையில் பட்டது. துள்ளி விழுந்து, எழுந்து, முள்புதருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை டார்ச் அடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலை போய் அளந்தேன்: 40 கஜம். இன்னும் அது மனசில் இருக்கிறது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். 12 அடி-பவுண்டுக்குள் .22 பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 570 அடி வேகத்தில்தான் போகும். .177 பெல்லட் 780 அடி வரை போகும். மெதுவாகப் போவது அதிகம் தாழும். 30 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் 40 கஜத்தில் இருப்பதைச் சுட்டால் .177 ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே படும். .22 இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே போய்விடும். முயலின் தலையில், கண்ணுக்கும் காது முளைக்கும் இடத்துக்கும் நடுவில், நமக்குக் கிடைக்கிற வட்டமே ஓர் அங்குலம்தான்.

.22 மோசம் என்று சொல்லவில்லை. 25 கஜத்துக்குள் சுடுகிறவர்களுக்கும், களஞ்சியத்துக்குள் எலி அடிப்பவர்களுக்கும் அது நன்றாக உழைக்கும். தூரத்தைக் கண்ணால் கணிக்கப் பழகாத புதியவருக்கு .177தான் சரி. நானும் மாற்றிக்கொண்டேன். கூடவே லேசர் தூரமானி ஒன்று வாங்குங்கள். அதற்குக் காசில்லாத வரை, போய் உட்கார்ந்ததும் 20, 25, 30 கஜத்தில் குச்சி நட்டுவிடுங்கள். கடைசிக் குச்சிக்கு அப்பால் இருக்கும் முயல் உங்களுடையது அல்ல.

படி 3: பெல்லட்

உருண்டைத் தலை பெல்லட் மட்டும் வாங்குங்கள். கூர்முனை, குழிமுனை என்றெல்லாம் டப்பாவின் மேல் படம் போட்டு விற்பார்கள். இந்தச் சக்தியில் அவற்றால் பெரிய பயன் இல்லை, 30 கஜத்தில் சிதறவும் செய்யும். தட்டைத் தலை 10 மீட்டர் போட்டிக்கானது.

எந்த பிராண்டு என்பதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். என் குழலுக்கு ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 8.44 கிரெயின் (கிரெயின் என்பது பெல்லட்டின் எடை அளவு) பிடித்தது. அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு எச் & என் ஃபீல்டு டார்கெட் டிராஃபி பிடித்தது. ஆகவே மூன்று நான்கு வகை வாங்கிச் சோதியுங்கள்:

காற்றில்லாத நாளில், 30 கஜத்தில் தாள் ஒட்டுங்கள். பெல்லட் வகை மாற்றியதும் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழல் புதிய ஈயத்துக்குப் பழக அவ்வளவு ஆகும். பிறகு ஐந்து ஐந்தாகச் சுட்டு, துளைகளின் மேல் ஒரு 10 பென்னி நாணயத்தை வையுங்கள். அதன் அகலம் 24.5 மி.மீ., கிட்டத்தட்ட நமது ஓர் அங்குல வட்டம். ஐந்து துளையும் நாணயத்துக்கு அடியில் மறைந்தால் அந்தப் பெல்லட் தேறியது.

இப்போது மேஜையை விட்டு எழுந்து, வயலில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, மண்டியிட்டும் படுத்தும் அதே சோதனையைச் செய்யுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. நாணயம் மறைக்காவிட்டால் 25 கஜம், 20 கஜம் என்று கிட்டே வாருங்கள். எங்கே மறைக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. மண்டியிட்டால் எனக்கு இன்னும் 25 கஜம்தான்.

பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

பின்சேர்க்கை 1: பி.சி.பி.யில் கனமான பெல்லட்டுக்கு மாறியதாக ஒருவர் எழுதியிருந்தார். இதில் ஆபத்து உண்டு. பி.சி.பி.யில் கனம் கூடினால் பெரும்பாலும் சக்தியும் கூடும். க்ரோனோகிராஃபில் வேகத்தை அளந்து, கிரெயின் எடையை வேகத்தாலும் மறுபடி வேகத்தாலும் பெருக்கி, 4,50,240ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும். 8.44 கிரெயின் 787 அடி வேகத்தில் போனால் 11.6, சரி. அதே ரைஃபிளில் 10.34 கிரெயின் 730 அடி வேகம் காட்டினால் 12.2! தெரியாமல் நடந்தது என்றாலும் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். புதிய பெல்லட் ஒவ்வொன்றையும் அளந்த பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை 2: ஸ்பிரிங் ரைஃபிளில் துளைகள் சிதறுகின்றன என்று இரண்டு பேர் கேட்டார்கள். இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்க விடுங்கள், தோளில் அழுத்தாதீர்கள். துப்பாக்கி உதைக்கிறபடி உதைக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைத்தால் போதும்.

பின்சேர்க்கை 3: கிளாஸ்கோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் 12 அடி-பவுண்டுக்குக் கீழான ஏர் ரைஃபிளுக்கும் சான்றிதழ் வேண்டும். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள் தம்பி, துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம்.