நாடகக் குழுவினர் ஆட்டம் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற எல்லை ஊர்களில் நோம்பி எனப்படும் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போடும் தமிழர்கள் பெரும்பாலும் பகலெல்லாம் தோப்பிலும் கடையிலும் உழைப்பவர்கள். நீண்ட வசனத்தைத் தயங்காமல் பேசுகிறவர்கூட, ஒரு காட்சியில் கும்மியோ ஒயிலாட்டமோ வந்துவிட்டால், தமக்குக் கால் வராது என்று சொல்லிப் பின்வரிசைக்கு ஒதுங்கிவிடுகிறார். ஆனால் இதே வட்டாரத்துப் பகவதி கோயில்களில் கண்யார்களி என்னும் நாட்டுப்புற ஆட்டத்தை ஆடுகிறவர்களும் ஆசானிடம் பழகிக்கொண்ட அந்தந்த ஊர்க்காரர்களே. ஆகவே உடல்வாகின் மீது பழிபோடுவதற்கு முன் பழகும் முறையைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, கால் எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதாகும். தரையைத் தொட்டு எடுக்கும் அடியும் அழுத்தி மிதிக்கும் அடியும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும், அடுத்து எந்தக் காலைத் தூக்கலாம் என்பதை அந்த வேறுபாடுதான் முடிவுசெய்கிறது. வலக்காலைத் தொட்டு எடுக்க வேண்டிய இடத்தில் அதன்மேல் பாரத்தை ஏற்றிவிட்டவரால் மறுபடி அதே காலைத் தூக்க இயலாது. அவர் இடக்காலைத் தூக்குவார், பக்கத்தில் ஆடுபவர்மேல் மோதுவார், தாளஞானம் இல்லாதவர் என்ற பெயரையும் வாங்கிக்கொள்வார். இதற்குப் பாட்டில்லாமல், கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியின் முடிவிலும் அப்படியே நின்று, எந்தக் கால் தடுமாறாமல் உயர்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும். உயர வேண்டிய கால் உயரவில்லை என்றால், பிழை பெரும்பாலும் முந்தைய அடியிலேயே நேர்ந்திருக்கும்.

காலடிகள் பழகும் முன்பே கையசைவைச் சேர்ப்பதும், மேடையில் ஆடப்போகும் வேகத்திலேயே முதல் நாளன்று தொடங்குவதும் இதைத் தொடர்ந்து வரும் பிழைகள். பரதநாட்டியத்தில் தொடக்கப் பாடமான தட்டடவையே மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், பழக்குகிறார்கள். மெதுவான காலத்தில் ஒற்றைக்காலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருப்பதால், அதுவே கடினம் என்பது என் கருத்து; வேகம் தடுமாற்றத்தை மறைத்துவிடும்.

தாளத்தை எப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே எண்ணுவதும் கூடாது. பாட்டு ‘தகிட’ என்று மூன்றாக நடக்கும்போது நான்காக எண்ணினால், பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் எண்ணிக்கையும் பாட்டின் அழுத்தமும் சேரும். ‘தகிட’ போன்ற தாளச் சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதிப்பது நல்லது. அலைபேசிப் பாட்டுக்கு மட்டுமே பழகியவர், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிக்கும் பறைக்காரர் முன் திகைத்துப் போவார். கடைசி ஒத்திகைகளுக்காவது வாத்தியக்காரரை வரவழைத்துவிட வேண்டும்.

முன்னால் நிற்பவரின் காலைப் பார்த்தே ஆடுவது மற்றொரு கேடு. வரிசை திரும்பியதும் பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரர் ஆகிவிடுகிறார். கும்மி வட்டத்திலோ மறைந்துகொள்ள யாருக்குமே இடமில்லை.

சிமென்ட் தரையில் வெறுங்காலால் ஓங்கி மிதிக்காதீர்கள். முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியில் முழங்கால்கள் உட்புறம் சாயாமல் பாதவிரல்களின் திசையிலேயே வெளிப்புறம் விரிந்திருக்க வேண்டும். மேடையில் வேட்டி என்றால் ஒத்திகையிலும் வேட்டி. வயதைக் காரணம் காட்டவும் வேண்டாம்: கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87.

நடிகருக்கே உரிய பிழை ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கியதும் அவர் பாத்திரத்தைக் கைவிட்டு, உதட்டசைவோடு எண்ணத் தொடங்கிவிடுகிறார். கிழவர் வேடக்காரர் கிழவராகவே ஆட வேண்டும். அவருக்குத் துள்ளலைவிடத் தாளத்தில் விழும் சிறிய அடியே பொருந்தும். இடையில் அடி தவறிவிட்டால் சட்டென்று அடுத்தவரைப் பிடித்துவிட ஓடாமல், பாத்திரத்தின் முகத்தோடு அதே இடத்தில் நின்று, பாரத்தைச் சரியான காலுக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த சுற்றின் முதல் தட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். இப்படிச் சேர்வதையும் ஒத்திகையில் வேண்டுமென்றே அடியைத் தவறவிட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.