கம்பி சுற்றாமல் போன்சாய் கிளையைத் திருப்ப

ஆல், அத்தி வகை போன்சாய்க்குக் கம்பி தேவையில்லை. தென் சீனத்தின் லிங்னான் பாணியில் வெட்டியே கிளையைத் திருப்பலாம். நுனி கிள்ளாமல் வளரவிடுங்கள். புதுத் தளிர், தான் முளைத்த கிளைத் துண்டைவிடச் சற்றே ஒல்லி என்னும் அளவுக்குப் பருத்ததும், வேண்டிய திசையைப் பார்க்கும் மொட்டுக்கு 5 மி.மீ. மேலே வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும்.

நுனி மொட்டு மற்ற மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும்; நுனி போனதும் அது நீங்கி, அடுத்த மொட்டு தான் பார்த்த பக்கமே ஓடும். வேகமாக வளரும் இம்மரங்களில் கம்பி சீக்கிரமே பட்டையில் பதிந்து தழும்பாகும். இதில் அந்தத் தொல்லையே கிடையாது. வளைவும் இயல்பாக, கோணலும் முறுக்குமாக அழகாக வரும்.

பைன், ஜூனிபருக்கு இது ஆகாது: பச்சை இல்லாத இடத்தில் வெட்டினால் கிளையே பட்டுப்போகும். அவற்றுக்கு ஜப்பானியர் முறைப்படி கம்பிதான். புதிதாகத் தொட்டி மாற்றிய மரத்தையும் வெட்டாதீர்கள்.