வேலூர்–சித்தூர் கூட்டுக் களப்பணி: கையெழுத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வெளி மாவட்டத்தோடோ பக்கத்து மாநிலத்தோடோ சேர்ந்து சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சி தர நினைக்கும் கல்லூரிகள், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுப்பதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. பிறகு அந்தக் காகிதம், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது மட்டும் வெளியே வரும். முதலில் பார்க்க வேண்டியது, எந்த மக்கள் எந்தச் சிக்கலோடு எல்லை தாண்டுகிறார்கள் என்பதை.

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. சவ்வாது மலையில் பீஞ்சமந்தை வேலூரிலும், புதூர்நாடு திருப்பத்தூரிலும், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையிலும் இருக்கின்றன. ஒரே மலைக்கு மூன்று கலெக்டர். காட்பாடிக்கு வடக்கே ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். மரம் வெட்டவும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு இந்தக் கோடுகள் தெரியாது, அலுவலகங்களுக்குத் தெரியும். கூட்டு தேவைப்படுவது அங்கேதான்.

கூட்டாளி நிறுவனத்திடம் முதல் கேள்வி: மாணவர்களை மேற்பார்க்க எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர் இருக்கிறாரா? ஒருவருக்கு நாலைந்து மாணவருக்கு மேல் கொடுத்தால் மேற்பார்வை என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்தாகச் சுருங்கிவிடும். வாரம் இரண்டு நாள் களப்பணி சித்தூருக்குச் சரிப்படும், காலையில் பஸ் ஏறினால் மாலை திரும்பலாம். மலைக்கு அது ஆகாது. அங்கே ஒரு மாதம் தங்கும் பயிற்சியாகவே வையுங்கள்.

மாணவர்களை இரட்டையாக அனுப்புங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஆனால் எழுத்துத் தெரியாது. சித்தூரில் மனு தெலுங்கில் இருக்கும். பேசத் தெரிந்தவரோடு படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

கூட்டின் உயிர் ஒப்பந்தத்தில் இல்லை, வழக்கு ஒப்படைப்புத் தாளில், அதாவது ஒரு குடும்பத்தின் விவரத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் ஒப்படைக்கும் தாளில் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பம் என்றால், விடுதலைச் சான்றிதழின் எண், தேதி, கொடுத்த அதிகாரி, உடனடி உதவித்தொகை (30,000 ரூபாய் வரை) கைக்கு வந்ததா, சொந்த ஊராட்சி, வட்டம், இன்னொரு உறவினரின் போன் எண் எல்லாம் அதில் வர வேண்டும். அதிகம் சிக்குவது பெயரில்தான். நம் பக்கம் இனிஷியல், அவர்கள் பக்கம் இண்டிப்பேரு (வீட்டுப் பெயர்). ஆதாரில் 'க. முருகன்' என்றும் சான்றிதழில் வீட்டுப் பெயரோடும் இருந்தால் வங்கியில் பணம் திரும்பிவிடும். சான்றிதழ் எழுதும்போதே ஆதாரைக் காட்டி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க மாணவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பிறகு திருத்துவதற்கு எத்தனை முறை கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

குழந்தை என்றால் நடைமுறையே வேறு. சொந்த ஊருக்கு மாற்றுவதைக் குழந்தைகள் நலக் குழுதான் உத்தரவிட வேண்டும் (இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 95). மாணவர் தாமாகக் கையைப் பிடித்து அழைத்து வரக் கூடாது. அறிக்கையிலும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் வரக் கூடாது, பிரிவு 74 தடுக்கிறது. அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பணத்தில் ஒரு கண்ணி உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், அந்த நன்கொடையை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. வாங்கும் நிறுவனத்துக்கும் அந்தச் சட்டப்படி பதிவு இருந்தாலும் முடியாது. அதனால் வேலூரில் வரும் அந்தப் பணத்தில் சித்தூர் நிறுவனத்துக்குப் 'பங்கு' என்று எழுதாதீர்கள். அவரவர் செலவை அவரவர் கணக்கில் காட்டுங்கள். மாணவரின் பஸ், சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே கொடுங்கள். பில் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னால் வசதியில்லாத பிள்ளை முதல் மாதமே நின்றுவிடும்.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி: ஏப்ரலில் பரீட்சை வந்து மாணவர்கள் போனபின், முடியாத வழக்குகளை எந்த ஊரில், எந்த ஊழியர் எடுத்துக்கொள்வார் என்று பதவியோடு எழுதுங்கள். அந்த வரியை எழுத மறுக்கும் நிறுவனத்தோடு சேராமல் இருப்பதே மேல்.